மூன்று மணி நேரம் முன்னதாக: விமான நிலையக் காத்திருப்பின் வரலாறு

உள்நாட்டுப் பயணம் என்றால் இரண்டு மணி நேரம், வெளிநாட்டுப் பயணம் என்றால் மூன்று மணி நேரம் முன்னதாக வந்துவிட வேண்டும் என்பது இன்று பெரும்பாலான விமான நிலையங்களில் பயணிகளுக்குச் சொல்லப்படும் கணக்கு. சென்னையிலிருந்து மதுரைக்குப் பறக்க ஏறக்குறைய ஒரு மணி நேரம் போதும்; அதற்கு முந்திய காத்திருப்போ அதைப்போல் இரண்டு மடங்கு. இந்தக் கணக்கை எந்த ஒரு குழுவும் ஒரே நாளில் உட்கார்ந்து வகுக்கவில்லை. எடை பார்ப்பதற்காகச் சில நிமிடங்கள், கூட்டம் பெருகியதால் சில நிமிடங்கள், கடத்தல்களுக்குப் பின் அரை மணி, குண்டுவெடிப்புகளுக்குப் பின் இன்னொரு அரை மணி என்று ஏறக்குறைய நூறாண்டுகளில் அடுக்கடுக்காகச் சேர்ந்தது அது. ஒவ்வோர் அடுக்குக்கும் ஒரு காரணம் உண்டு. பல அடுக்குகளுக்கு உயிர்ப்பலியும் உண்டு.

நகரத்தில் தொடங்கிய பயணம்

விமானப் பயணம் தொடங்கிய காலத்தில் பயணியின் பொறுப்பு நகரத்து அலுவலகத்துக்குக் குறித்த நேரத்தில் வந்து சேர்வதோடு முடிந்துவிட்டது. 1920களிலும் 1930களிலும் ஐரோப்பிய விமானப் பயணத்தின் முக்கிய மையமாக இருந்தது லண்டனுக்குத் தெற்கே உள்ள கிராய்டன் நிலையம். அதன் புதிய முனையக் கட்டடம் 1928இல் திறக்கப்பட்டது. இம்பீரியல் ஏர்வேஸ் பயணிகள் நகரத்தில் கூடி, நிறுவனத்தின் வண்டியிலேயே நிலையத்துக்குச் சென்றனர். வழியில் தாமதம் நேர்ந்தால் அது நிறுவனத்தின் கவலை. பயணியை விட்டுவிட்டு விமானம் புறப்படும் பேச்சே இல்லை. 1939இல் இந்நிறுவனம் லண்டன் விக்டோரியா பகுதியில் தனக்கென்று ஒரு பெரிய நகர முனையத்தையே கட்டியது.

அக்காலத்தில் நேரம் பிடித்த வேலை எடை பார்ப்பதுதான். சிறிய விமானங்களில் ஒவ்வொரு கிலோவும் கணக்கில் வந்தது. பெட்டிகளை மட்டுமல்லாமல் பயணிகளையும் தராசில் ஏற்றி நிறுத்தார்கள். எடை எவ்வளவு, அது விமானத்தின் முன்பக்கம் விழுகிறதா பின்பக்கம் விழுகிறதா என்பதைக் கணக்கிட்ட பிறகே விமானி புறப்பட முடியும். ‘லோட் ஷீட்’ எனப்படும் இந்தப் பாரக்கணக்கு இன்றும் ஒவ்வொரு புறப்பாட்டுக்கும் கட்டாயம். புறப்பாட்டுக்குச் சற்று முன்பே கவுண்டரை மூடிவிடும் வழக்கத்தின் மிகப் பழைய காரணம் இதுவே. யார் வருகிறார், எத்தனை பெட்டி ஏறுகிறது என்பது முடிவாகாமல் கணக்கை முடிக்க இயலாது.

இந்தியாவில் விமான சேவை பயணிகளை நம்பித் தொடங்கவில்லை. தபாலை நம்பித் தொடங்கியது. 1932 அக்டோபர் 15 அன்று ஜே.ஆர்.டி. டாட்டா கராச்சியிலிருந்து அகமதாபாத் வழியாகப் பம்பாய்க்குத் தபால் விமானத்தை ஓட்டி வந்தார். அங்கிருந்து நெவில் வின்சென்ட் பெல்லாரி வழியாகச் சென்னைக்குக் கொண்டு சேர்த்தார். லண்டனிலிருந்து இம்பீரியல் ஏர்வேஸ் கொண்டுவரும் தபால் கராச்சிக்கு வந்த பிறகே இந்தச் சேவை புறப்படும். ஆக, அன்று விமானம் காத்திருந்தது தபால் பைகளுக்காக.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் பெரிய நகரங்களில் நகர முனையங்கள் பரவின. நியூயார்க்கில் கிராண்ட் சென்ட்ரல் ரயில் நிலையத்துக்கு எதிரே, ஐந்து நிறுவனங்கள் சேர்ந்து கட்டிய முனையம் போர் முற்றிய 1941இலேயே இயங்கத் தொடங்கிவிட்டது. லண்டன் கிராம்வெல் சாலையில் இருந்த மேற்கு லண்டன் முனையத்தில் பயணி பெட்டியை ஒப்படைத்து, இருக்கை பெற்று, ஹீத்ரோவுக்குப் பேருந்தில் ஏறலாம். சாலை நெரிசல் கூடியதும், விமானங்கள் பெரிதானதும், பயணிகள் சொந்தக் காரில் வரத் தொடங்கியதும் இந்த ஏற்பாட்டைக் குலைத்தன. கிராம்வெல் சாலையில் பெட்டி ஒப்படைக்கும் வசதி 1974இல் நிறுத்தப்பட்டது. அதுவரை நிறுவனத்தின் தலையில் இருந்த பொறுப்பு, வீட்டு வாசலிலிருந்து விமான நிலையம் வரை முழுவதும் பயணியின் தலைக்கு மாறியது. ‘எத்தனை மணிக்குப் புறப்பட வேண்டும்?’ என்ற கவலை உண்மையில் இங்கேதான் பிறந்தது.

ஜெட் விமானங்களும் கூட்டமும்

1948 ஜூன் 8 அன்று ஏர் இந்தியா இன்டர்நேஷனலின் ‘மலபார் பிரின்சஸ்’ பம்பாயிலிருந்து கெய்ரோ, ஜெனீவா வழியாக லண்டனுக்குப் பறந்தபோது அதில் சென்றவர்கள் சில டஜன் பேர்தான். 1958இல் பான் ஆம் நிறுவனம் போயிங் 707 விமானத்தை நியூயார்க்–பாரிஸ் தடத்தில் இறக்கியது. 1970 ஜனவரி 22 அன்று போயிங் 747 பயணிகள் சேவைக்கு வந்தது. அடுத்த ஆண்டே ஏர் இந்தியாவின் ‘எம்பரர் அசோகா’ இந்தியாவுக்கு வந்தது. முன்னூறுக்கும் மேற்பட்டவர்கள் ஒரே விமானத்தில் ஏற வேண்டிய நிலையில், அத்தனை பேருக்கும் கையால் பயணச்சீட்டைச் சரிபார்த்து, பெட்டிக்குச் சீட்டுக் கட்டி, இருக்கை ஒதுக்க ஒரு மணி நேரத்துக்குக் குறையாமல் பிடித்தது. வெளிநாட்டுப் பயணம் என்றால் குடியேற்றமும் சுங்கமும் இதனோடு சேரும்.

இருந்தாலும் அக்காலத்தில் நேரம் பிடித்தது கூட்டம் மட்டுமே. கூட்டத்தைத் தவிர்க்க முடிந்த இடத்தில் காத்திருப்பே இல்லை என்பதற்கு ஈஸ்டர்ன் ஏர்லைன்ஸ் சான்று. அந்நிறுவனம் 1961 ஏப்ரல் 30 அன்று நியூயார்க், பாஸ்டன், வாஷிங்டன் நகரங்களுக்கிடையே ‘ஷட்டில்’ சேவையைத் தொடங்கியது. முன்பதிவு கிடையாது. புறப்படும் நேரத்துக்கு வந்தால் இருக்கை உறுதி. விமானம் நிரம்பிவிட்டால், மிஞ்சிய ஒரே ஒரு பயணிக்காகவும் இன்னொரு விமானம் கொண்டுவரப்படும். கட்டணத்தை விமானத்துக்குள்ளேயே செலுத்தலாம். அலுவலகத்திலிருந்து கிளம்பி நேரே விமானத்தில் போய் அமர்வது அன்று சாத்தியமாக இருந்தது.

கடத்தல்களின் பத்தாண்டு

ஷட்டில் தொடங்கிய மறுநாள், 1961 மே 1 அன்று, அமெரிக்க விமானம் ஒன்று முதன்முறையாகக் கியூபாவுக்குக் கடத்தப்பட்டது. 1968 முதல் 1972 வரையான ஐந்தாண்டுகளில் மட்டும் அமெரிக்காவில் 130க்கும் மேற்பட்ட கடத்தல்களும் கடத்தல் முயற்சிகளும் நடந்தன. அப்போதும் எல்லாப் பயணிகளையும் சோதிப்பதை விமான நிறுவனங்கள் விரும்பவில்லை. நேரம் வீணாகும், பயணிகள் கோபப்படுவார்கள், செலவு தாங்காது என்பவை அவை சொன்ன காரணங்கள். 1972 நவம்பரில் சதர்ன் ஏர்வேஸ் விமானம் ஒன்றைக் கடத்திய மூவர், டென்னசி மாநிலத்து ஓக் ரிட்ஜ் அணு நிலையத்தின் மேல் அதை மோதிவிடுவதாக மிரட்டினர். அதோடு வாதம் முடிந்தது. 1973 ஜனவரி 5 முதல் அமெரிக்காவில் எல்லாப் பயணிகளையும் அவர்களின் கைப்பைகளையும் சோதிப்பது கட்டாயமானது. அடுத்த ஆண்டு மார்ச்சில், விமானப் பாதுகாப்புக்கென்று தனியாக இணைப்பு 17 என்ற விதித்தொகுப்பைச் சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு ஏற்றது. உலோகத்தைக் கண்டறியும் வாயிலும் எக்ஸ்-ரே கருவியும் உலகெங்கும் விமான நிலையத்தின் நிரந்தர அங்கங்களாயின.

இந்தியாவின் அனுபவமும் இதே காலத்தைச் சேர்ந்தது. 1971 ஜனவரி 30 அன்று ஸ்ரீநகரிலிருந்து ஜம்மு சென்ற இந்தியன் ஏர்லைன்ஸின் ‘கங்கா’ விமானம் லாகூருக்குக் கடத்தப்பட்டு அங்கே எரிக்கப்பட்டது. 1976 செப்டம்பரில் இன்னொரு விமானமும் லாகூருக்குக் கடத்தப்பட்டது. அதன்பின் அமைக்கப்பட்ட பாண்டே குழுவின் பரிந்துரைப்படி 1978 ஜனவரியில் சிவில் விமானப் பாதுகாப்புப் பிரிவு உருவானது.

பெட்டிக்குள் வந்த ஆபத்து

கடத்தல்காரன் தானும் விமானத்தில் இருப்பான். குண்டு வைப்பவன் இருக்க வேண்டியதில்லை. 1980களில் இந்த வேறுபாடு காத்திருப்பு நேரத்தை மறுபடியும் நீட்டியது.

1984 ஆகஸ்ட் 2 இரவு சென்னை மீனம்பாக்கம் நிலையத்தில் பெட்டிகளுக்குள் இருந்த குண்டு வெடித்துச் சுமார் 30 பேர் இறந்தனர். அவர்களில் பெரும்பாலோர் இலங்கையர். கொழும்பு செல்லும் ஏர் லங்கா விமானத்தில் ஏற்றுவதற்காக அந்தப் பெட்டிகள் கவுண்டரில் ஒப்படைக்கப்பட்டிருந்தன. ஒப்படைத்தவர் விமானத்தில் ஏறவில்லை. பெட்டிகளும் ஏறாமல் நிலையத்திலேயே தங்கிவிட்டன.

ஓராண்டுக்குள், 1985 ஜூன் 23 அன்று, ஏர் இந்தியாவின் ‘கனிஷ்கா’ விமானம் அயர்லாந்துக் கடற்கரைக்கு அப்பால் நடுவானில் சிதறியது. அதில் இருந்த 329 பேரும் மாண்டனர். வான்கூவரில் ஒப்படைக்கப்பட்ட பெட்டி ஒன்று, உடையவர் இல்லாமலே விமானம் மாறி அதற்குள் போய்ச் சேர்ந்திருந்தது. அதே நாளில் ஜப்பானின் நாரிட்டா நிலையத்தில் வேறொரு பெட்டி வெடித்து, சுமை கையாளும் ஊழியர் இருவர் இறந்தனர். 1988 டிசம்பர் 21 அன்று ஸ்காட்லாந்தின் லாக்கர்பி ஊருக்கு மேலே பான் ஆம் 103 வெடித்தபோது விமானத்தில் 259 பேரும் தரையில் 11 பேரும் உயிரிழந்தனர்.

பயணி ஏறவில்லை என்றால் அவருடைய பெட்டியும் ஏறக் கூடாது என்ற விதி இந்தச் சாவுகளிலிருந்து வந்தது. கனிஷ்காவுக்குப் பின் இணைப்பு 17 திருத்தப்பட்டது. இந்தியாவில் பாதுகாப்புப் பிரிவு 1987 ஏப்ரல் 1 முதல் தனித் துறையானது. இந்த விதி நேரத்தைத் தின்னும் விதம் எளிது. பெட்டியைக் கொடுத்த ஒருவர் கேட்டுக்கு வராமல் போனால், விமானத்தின் வயிற்றுக்குள் நூற்றுக்கணக்கான பெட்டிகளுக்கு நடுவே அவருடையதைத் தேடி இறக்க வேண்டும். அதற்கு இடம் வைத்தே கவுண்டரும் கேட்டும் முன்கூட்டி மூடப்படுகின்றன. சரக்கறைக்குச் செல்லும் பெட்டிகள் அனைத்தையும் எக்ஸ்-ரேயில் பார்ப்பது 2006 ஜனவரி 1 முதல் சர்வதேச அளவில் கட்டாயமானது.

இந்திய நிலையங்களின் வரிசைகள்

இந்த உலக விதிகள் இந்தியாவில் தனி வடிவம் எடுத்தன. பயணச்சீட்டும் அடையாள அட்டையும் இல்லாமல் முனையத்துக்குள்ளேயே நுழைய முடியாது. வாசலிலேயே முதல் வரிசை. பல ஆண்டுகள், பெட்டியைக் கவுண்டரில் கொடுப்பதற்கு முன் பயணியே எக்ஸ்-ரே கருவிக்குக் கொண்டுபோய்ப் பட்டை கட்டி வாங்க வேண்டியிருந்தது. விமானத்தடியில் வரிசையாக வைக்கப்பட்ட பெட்டிகளில் தன்னுடையதைக் கை நீட்டிக் காட்டிய பிறகே படியேறும் வழக்கமும் இருந்தது. அடையாளம் காட்டப்படாத பெட்டி கீழேயே நிற்கும். கைப்பையின் சீட்டில் பாதுகாப்புப் படையினரின் முத்திரை இல்லாவிட்டால் திரும்பிப் போய் வாங்கி வர வேண்டியிருந்தது. இந்த முத்திரை முறை 2017இல்தான் முக்கிய நிலையங்களிலிருந்து விலகத் தொடங்கியது.

1999 டிசம்பர் 24 அன்று காட்மாண்டுவிலிருந்து டெல்லி புறப்பட்ட ஐசி 814 காந்தகாருக்குக் கடத்தப்பட்டது. அதுவரை மாநிலக் காவல் துறையிடம் இருந்த விமான நிலையப் பாதுகாப்பு, 2000 பிப்ரவரியில் ஜெய்ப்பூரில் தொடங்கி மத்தியத் தொழிற் பாதுகாப்புப் படையின் கைக்கு மாறியது. ஆண்டுதோறும் குடியரசு நாளையும் சுதந்திர நாளையும் ஒட்டிப் பார்வையாளர் அனுமதி நிறுத்தப்படுகிறது. விமானப் படியருகே இரண்டாவது சோதனை நடக்கிறது. வழக்கத்தைவிட முன்னதாக வரும்படி பயணிகளும் கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்.

தமிழகத்தில் வேறொரு வரலாறும் இதனோடு கலந்தது. 1970களிலிருந்து வளைகுடா நாடுகளுக்கு வேலைக்குச் சென்றவர்கள் சென்னை, திருச்சி நிலையங்களின் பெரும் பயணிக் கூட்டமானார்கள். 1983ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டம், குறிப்பிட்ட வகைப் பாஸ்போர்ட் உடையவர்கள் குடிபெயர்வோர் பாதுகாவலரிடம் ஒப்புதல் பெற்றே செல்ல வேண்டும் என்றது. குடியேற்றக் கவுண்டரில் அந்த ஒப்புதலைப் பார்த்த பிறகே பயணி அனுப்பப்பட்டார். காகிதம் ஒன்று குறைந்தால், கடன் வாங்கிக் கட்டிய பணத்தோடு பயணமே போய்விடும் அபாயம் அவர்களுக்கு இருந்தது. கிராமத்திலிருந்து வேன் பிடித்து, உறவினர் சூழ, ஐந்தாறு மணி நேரம் முன்பே வந்து நிலையத்துக்கு வெளியே காத்திருந்த குடும்பங்களை அறியாமை என்று சொல்லிவிட முடியாது. தவறவிட்டால் வரும் இழப்பு எவ்வளவு பெரிதோ அவ்வளவு முன்னதாக வருவது நியாயமான கணக்கு.

2001க்குப் பின்

2001 செப்டம்பர் 11 தாக்குதல்கள் வரை அமெரிக்காவில் பயணியை வழியனுப்ப வந்தவர் பல நிலையங்களில் கேட் வரைக்கும் போகலாம். சோதனையை விமான நிறுவனங்கள் அமர்த்திய தனியார் நிறுவனங்கள் நடத்தின. அந்த ஆண்டு நவம்பரில் வந்த சட்டம் அப்பணியைப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகம் என்ற புதிய அரசு அமைப்பிடம் ஒப்படைத்தது. டிசம்பரில் ஒருவர் காலணிக்குள் வெடிபொருளோடு விமானம் ஏறிப் பிடிபட்டார். அதன்பின் காலணியைக் கழற்றும் வழக்கம் வந்தது. 2006 ஆகஸ்டில் பிரிட்டனில் திரவ வெடிபொருள் சதி அம்பலமானதும், கைப்பையில் 100 மில்லிலிட்டருக்கு மேற்பட்ட கலங்களில் திரவம் கூடாது என்ற விதி உலகெங்கும் பரவியது. ஒரு பயணிக்குச் சில வினாடிகள் கூடினாலும், ஆயிரம் பேர் நிற்கும் வரிசையில் அது அரை மணி, ஒரு மணி என்று வளரும். உள்நாட்டுப் பயணத்துக்கும் இரண்டு மணி நேரம் என்ற அறிவுரை இந்த ஆண்டுகளில் வேரூன்றியது.

சட்டத்தில் ஒரு கோடு

முன்னதாக வருதல் என்பதில் அறிவுரை வேறு, சட்ட எல்லை வேறு. இரண்டு மணி நேரம் என்பது அறிவுரை. கவுண்டர் மூடும் நேரமோ உரிமையைத் தீர்மானிக்கும் கோடு. இருக்கைகளைவிடக் கூடுதலாகச் சீட்டு விற்கும் வழக்கம் பரவியபோது இந்தக் கோடு முக்கியமானது. 1972 ஏப்ரலில் நுகர்வோர் உரிமைப் போராளி ரால்ஃப் நேடர், வாஷிங்டனிலிருந்து ஹார்ட்ஃபோர்டு செல்ல உறுதி செய்த சீட்டோடு, புறப்பட ஏறக்குறைய ஐந்து நிமிடம் இருக்கையில் வந்தார். இடமில்லை என்று அலெகெனி ஏர்லைன்ஸ் சொல்லிவிட்டது. அவர் தொடுத்த வழக்கு 1976இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை சென்று, கூடுதல் விற்பனையைப் பொதுவெளிக்குக் கொண்டுவந்தது. ஐந்து நிமிடம் முன்பு வருவது அன்று தாமதமாகக் கருதப்படவில்லை என்பதும் அந்த வழக்கிலிருந்து தெரிகிறது.

2004ஆம் ஆண்டின் ஐரோப்பிய ஒன்றிய விதி 261 இதைத் தெளிவாக வரையறுத்தது. நிறுவனம் சொன்ன நேரத்துக்குள், நேரம் சொல்லப்படாவிட்டால் புறப்பாட்டுக்கு 45 நிமிடத்துக்கு முன், பயணி கவுண்டருக்கு வந்திருந்தால்தான் அவருக்கு இழப்பீட்டு உரிமை உண்டு. இந்திய விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகமும் 2010இல், ஏற மறுக்கப்பட்ட பயணிக்கு இழப்பீடு தரும் விதிகளை வெளியிட்டது. அங்கும் உரிய நேரத்தில் வந்திருப்பதே அடிப்படை நிபந்தனை.

இயந்திரங்கள் தந்ததும் எடுத்ததும்

வரிசைகள் நீண்ட அதே காலத்தில் வேலையைக் குறைக்கும் கருவிகளும் வந்தன. பல நிறுவனங்கள் ஒரே கவுண்டரையும் கணினியையும் மாறி மாறிப் பயன்படுத்தும் முறை 1984 ஒலிம்பிக்கை ஒட்டி லாஸ் ஏஞ்சல்ஸில் தொடங்கியது. கவுண்டர் பொதுவானதால், ஒவ்வொரு விமானத்துக்கும் குறித்த நேரத்தில்தான் அது திறக்கும். அதற்கும் முன்னால் வருபவர் பெட்டியோடு வெளியே நிற்க வேண்டியதுதான். அலாஸ்கா ஏர்லைன்ஸ் 1999இல் இணையம் வழியே செக்-இன் செய்யும் வசதியைத் தொடங்கியது. 2008 ஜூன் 1 முதல் பன்னாட்டு விமான நிறுவனங்களின் கூட்டமைப்பு காகிதப் பயணச்சீட்டைக் கைவிட்டது. டெல்லி விமான நிலைய மெட்ரோ 2011இல் திறக்கப்பட்டபோது, புது டெல்லி ரயில் நிலையத்தருகிலேயே பெட்டியை ஒப்படைக்கும் வசதி வந்தது. பழைய நகர முனையம் வேறு உருவில் திரும்பியது. முகத்தைக் காட்டி நுழையும் டிஜி யாத்ரா 2022 டிசம்பரில் டெல்லி, பெங்களூரு, வாராணசியில் தொடங்கிப் பிற நகரங்களுக்கும் வந்தது. குடியேற்றத்தில் தானியங்கி வாயில்கள் 2024 ஜூனில் டெல்லியில் அறிமுகமாயின.

ஆயினும் அறிவிக்கப்படும் நேரம் குறையவில்லை. 2020 மே 25 அன்று, பெருந்தொற்று முடக்கத்துக்குப் பின் இந்தியாவில் உள்நாட்டு விமானங்கள் மீண்டும் பறந்தபோது, பயணிகள் இரண்டு மணி நேரம் முன்பே வர வேண்டும் என்றும் கவுண்டர்கள் 60 நிமிடத்துக்கு முன்பே மூடப்படும் என்றும் அரசு நெறிமுறை சொன்னது. அதுவரை 45 நிமிடம் என்பதே பரவலான வழக்கம். நோய்த் தடுப்புக்காக வந்த அந்த எல்லை, நோய் தணிந்த பிறகும் பின்வாங்கவில்லை. 2022இல் பணியாளர் பற்றாக்குறை உலகையே உலுக்கியது. மே 29 அன்று டப்ளின் நிலையத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் விமானத்தைத் தவறவிட்டனர். ஆம்ஸ்டர்டாமின் ஸ்கிபோல் நிலையமோ, நான்கு மணி நேரத்துக்கு முன் யாரும் வர வேண்டாம் என்று கேட்டுக்கொண்டது. அவ்வாண்டு டிசம்பரில் டெல்லி மூன்றாம் முனையம் திணறியபோது, உள்நாட்டுப் பயணிகளையும் மூன்றரை மணி நேரம் முன்னதாக வரச் சொன்னது இண்டிகோ.

கணக்கின் உள்ளே

இந்த நிகழ்வுகள் ஒன்றைத் தெளிவாக்குகின்றன. எவ்வளவு முன்னதாக வருவது என்பதைத் தீர்மானிப்பது வரிசையின் சராசரி நீளம் அல்ல. என்றோ ஒரு நாள் அது எட்டக்கூடிய உச்ச நீளம். வழக்கமாக இருபது நிமிடத்தில் முடியும் சோதனை பண்டிகை நாளில் எண்பது நிமிடம் ஆகுமானால், எண்பதையே கணக்கில் எடுக்க வேண்டியிருக்கிறது. எந்த நாள் அப்படி அமையும் என்பது பயணிக்கு முன்கூட்டித் தெரியாது. பாதுகாப்புக்குத் தேவையான நேரம் ஒரு பங்கு என்றால், இந்த நிச்சயமின்மைக்காகச் செலவாகும் நேரம் அதைவிடப் பெரிய பங்கு.

ஒருபோதும் விமானத்தைத் தவறவிடாதவர் விமான நிலையங்களில் அளவுக்கு மீறி நேரம் கழிக்கிறார் என்ற கருத்து, 1982இல் பொருளாதார நோபல் பரிசு பெற்ற ஜார்ஜ் ஸ்டிக்லரின் பெயரோடு வழங்கிவருகிறது. காத்திருப்பின் விலையையும் தவறவிடுவதன் விலையையும் சீர்தூக்க வேண்டும் என்பது அதன் சாரம். அடுத்த விமானம் ஒரு மணி நேரத்தில் இருக்கிறது, சீட்டை எளிதில் மாற்றலாம் என்ற நிலையில் உள்ளவருக்கு அது பொருந்தும். விசாவின் கடைசி நாளில் பறப்பவருக்கும், வாரத்துக்கு இரண்டே விமானம் உள்ள ஊருக்குச் செல்பவருக்கும், மறுசீட்டு வாங்க வழியில்லாத தொழிலாளிக்கும் பொருந்தாது. ஒரே நேரக் கணக்கை எல்லோருக்கும் சொல்வதால் சுமை எல்லோர் மேலும் ஒரே அளவில் விழுவதில்லை.

காத்திருப்பதால் வருமானம் பெறுபவர்களும் உண்டு. அயர்லாந்தின் ஷானன் நிலையத்தில் பிரெண்டன் ஓ’ரீகன் 1947இல் தொடங்கிய தீர்வையற்ற கடையே உலகில் விமான நிலையங்களில் அமைந்த அத்தகைய கடைகளுக்கெல்லாம் முன்னோடி. சோதனை முடித்து அமர்ந்திருக்கும் பயணி வாங்குவதும் உண்பதும் இன்று விமான நிலையங்களின் முக்கிய வருவாய். சோதனைக்கு முன் நிற்கும் வரிசையில் அந்த வருவாய் இல்லை. ஆகவே வரிசையைச் சுருக்க நிலையங்களுக்கும் அக்கறை இருக்கிறது. மொத்தக் காத்திருப்பைச் சுருக்க அதே அளவு அக்கறை இருப்பதில்லை.

எடைத்தராசு, மக்கள் திரள், உலோக வாயில், பெட்டிப் பொருத்தம், திரவ விதி, பணியாளர் பற்றாக்குறை என்று சேர்ந்த நிமிடங்களில் பெரும்பாலானவை, சேர்ந்தபின் நீங்கவில்லை. உயிர்களைக் காக்கச் சேர்ந்தவற்றை நீக்கச் சொல்வதற்கு நியாயமில்லை. நீக்கக்கூடியது நிச்சயமின்மையால் சேர்ந்த பங்கு. சோதனைக் கவுண்டர்களுக்குப் போதிய ஆட்களை வைப்பதும், வரிசையில் ஆகும் நேரத்தை அவ்வப்போது உண்மையாக அறிவிப்பதும், நகரத்திலேயே பெட்டியை ஒப்படைக்க வழிசெய்வதும் அதற்கான அறியப்பட்ட வழிகள். இவை நிலையங்களும் அரசுகளும் செலவிட வேண்டிய பணத்தில் நடக்க வேண்டியவை. அது செலவிடப்படாத இடங்களில், அந்தச் செலவைத் தங்கள் நேரத்தால் கட்டுபவர்கள் பயணிகளே.